வியட்நாமை எதில் ஏறிக் கடப்பது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மா, எனக்கு 27 வயது. நானும் கல்லூரி நண்பனும் வேலையை விட்டுவிட்டு 60 நாள் வியட்நாம் போகிறோம். திருச்சியில் ஏறி சைகோனில் இறங்கி, மெல்ல வடக்கே ஹனோய் வரை போய், அங்கிருந்து திரும்புவதாகத் திட்டம். சைகோனில் பழைய பைக் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டே போய் ஹனோயில் விற்றுவிடலாம் என்கிறான் நண்பன். எனக்கு ஸ்லீப்பர் பஸ் சரியென்று படுகிறது. இரவில் போனால் அறை வாடகை மிச்சம். வீட்டிலோ ரயிலில் போவதாக இருந்தால்தான் அனுப்புவோம் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? நண்பன் ஆறடி உயரம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியில் கிளம்புகிறோம்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் 31 வருடம் உட்கார்ந்தவள். என் பதில் தண்டவாளத்தின் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். ஓய்வு பெற்ற மறு வருடம், 2024 பிப்ரவரி கடைசியில், உங்களைப் போலவே திருச்சியில் விமானம் ஏறி 47 நாள் அந்த நாட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தேன். ரயில், பஸ், படகு, முன்பின் தெரியாத ஒருவரின் பைக் பின்சீட் எல்லாம் பார்த்தாயிற்று. ரயில்வே பென்ஷன் வாங்குகிறவள் சொல்கிறேன், முழுக்க ரயிலில் போகாதீர்கள். போகவும் முடியாது.

வியட்நாம்காரர்கள் தங்கள் நாட்டை ஒரு காவடித்தண்டு என்பார்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு நெல்கூடை. தெற்குக் கூடை மேகாங் டெல்டா, வடக்குக் கூடை செந்நதிச் சமவெளி. நடுவில் நீண்டு மெலிந்த தண்டு. டொங் ஹோய் பக்கத்தில் அந்தத் தண்டின் அகலம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவே 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை அந்தத் தண்டின் மேலேயே ஓடுகிறது. தண்டின் மேல் இருக்கும் வரை ரயில். தெற்குக் கூடைக்குள் இறங்கினால் ரயில் கிடையாது, வடக்கே மலைக்குள் போனால் பாதிதான் உண்டு, அங்கெல்லாம் பஸ். மலை உச்சியில் அடுத்தவர் ஓட்டும் பைக். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் இரண்டு கணக்கும் தப்பு, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த 'அறை வாடகை மிச்சம்'. நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். டா லாட்டிலிருந்து ஹோய் அன்னுக்கு ஒரு இரவு பஸ். ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. சாய்ந்த படுக்கை, காலை நீட்ட ஒரு பெட்டி. அதற்குள் பாதத்தைச் சொருகிக்கொள்ள வேண்டும். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எனக்கே இடம் சரியாக இருந்தது. ஆறடி நண்பன் அதற்குள் எப்படி மடங்குவான் என்று யோசித்துப் பாருங்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நான் தலைப்பக்கம் ஒருமுறை, கால்பக்கம் ஒருமுறை என்று சறுக்கிக்கொண்டே போனேன். ஓட்டுநருக்கு ஹார்ன் மேல் தனிப் பிரியம். விடியற்காலை 4.20க்கு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. விடுதிக் கதவு ஏழு மணிக்குத்தான் திறந்தது. அறை மதியம் இரண்டுக்கு. முன்கூட்டியே வேண்டுமென்றால் பாதி வாடகை தனி. கொடுத்தேன். அன்று முழுக்கத் தூங்கினேன். மிச்சம் பிடித்தது பாதி வாடகை, போனது ஒரு பகல்.

பகல்கூடப் பரவாயில்லை. அந்த ஓர் இரவில் 500 கிலோமீட்டருக்கு மேல் என் கண்ணில் படாமலே போய்விட்டது. அந்தக் கடற்கரையைப் பார்க்கத்தானே போனது? மனசு கேட்கவில்லை. நாலு நாள் கழித்து டா நாங்கில் பகல் ரயில் ஏறி, வந்த வழியிலேயே தெற்கே குயி நோன் வரை போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பினேன். சா ஹுயின் பக்கம் கடலும் உப்பளமும் வந்தபோது தூத்துக்குடிக்கே வந்துவிட்டது போல இருந்தது. விடுதிப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். டிக்கெட் செலவு இரண்டு மடங்கு. அதனால் சொல்கிறேன், 60 நாள் வைத்திருக்கிறவர்கள் இரவில் பயணம் செய்வது தரித்திரம். பத்து நாள் லீவில் ஓடுகிறவர்களுக்குத்தான் இரவு பஸ்.

இப்போது நண்பனின் பைக். பைக்கில் போகிறவன்தான் நாட்டை அதிகம் பார்ப்பான், அதை மறுக்கமாட்டேன். நின்ற இடத்தில் நிற்கலாம், இளநீர்க் கடையில் இறங்கலாம். ஆனால் காகிதம் இருக்கிறதே! நம் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்த உரிமத்தை. அட்டை ஒன்றுபோல இருக்கும், சட்டம் வேறு. வாடகைக்கு விடுகிறவர் இதைக் கேட்கமாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். விழுந்து எலும்பு முறிந்தால்தான் விஷயமே. செல்லாத உரிமத்தோடு ஓட்டியதற்குப் பயண இன்சூரன்ஸ்காரர் பணம் தரமாட்டார். 50 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு அங்கே உரிமம் தேவையில்லைதான். இரண்டு பேர், இரண்டு மூட்டை, அதில் ஒருவர் ஆறடி. அந்த வண்டி பாவம்.

அப்புறம் அந்தப் பழைய பைக். முதுகுப்பைக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டும் 'ஹோண்டா வின்' வண்டிகளில் பெரும்பாலானவை பெயர் மட்டும் ஒட்டிய நகல்கள். பதிவு அட்டை என்றைக்கோ வாங்கிய முதல் முதலாளியின் பெயரில் இருக்கும். ஹனோயில் விற்றுவிடலாம் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விற்கிறவனிடம் வாங்குகிறவன் என்ன விலை சொல்வான்? நம் ஊர் சந்தையில் சாயங்காலம் மாடு விற்கிற கதைதான்.

ரயிலுக்கு வருகிறேன். அது மீட்டர் கேஜ் பாதை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். உங்கள் வயதுக்கு மீட்டர் கேஜ் தெரிந்திருக்காது. மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போன அந்தக் கால ரயிலின் ஆட்டமும் தடதடப்பும் அப்படியே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போட ஆரம்பித்து 1936இல் முழுப் பாதையும் முடிந்தது. போரில் குண்டு விழுந்து துண்டு துண்டாகி, நாடு ஒன்றான பிறகு 1976ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் மறுபடி முழு ரயில் ஓடியது. கடைசிவரை போக 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே மூச்சில் போகாதீர்கள், அது தண்டனை. துண்டு துண்டாக எடுங்கள். இறங்கி ஏறிக்கொள்ளும் பாஸ் எதுவும் கிடையாது, ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட். பாஸ்போர்ட் எண் கொடுத்து இணையத்திலேயே எடுக்கலாம். ஹனோயிலிருந்து தெற்கே வருபவை ஒற்றைப்படை எண், சைகோனிலிருந்து வடக்கே போவது இரட்டைப்படை. ஆகவே நீங்கள் தேடவேண்டியது எஸ்இ2, எஸ்இ4 என்கிற மாதிரி எண்களை. நான் ரசித்த விஷயம் ஒன்று: அங்கே பெர்த்தின் அடுக்கைப் பொறுத்து விலை மாறும். லோயர் பெர்த்துக்கு அதிகம், மேலே ஏற ஏறக் குறையும். லோயர் பெர்த் கேட்டு 31 வருடம் என்னோடு சண்டை போட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வழி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும். சைகோனில் மூன்று நாள். அங்கே நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாம்காரர்களே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள், போய்ப் பாருங்கள். அங்கிருந்து பகல் பஸ்ஸில் கான் தோ, சுமார் 170 கிலோமீட்டர். மேகாங்கைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பி, மறுபடி பகல் பஸ்ஸில் டா லாட். 1,500 மீட்டர் உயரத்தில் உங்கள் கொடைக்கானலுக்கு ஒரு தங்கை. அங்கே ஒரு காலத்தில் ஊட்டி ரயில்போலப் பல்சக்கரப் பாதை ஏறியது. போரில் அழிந்தது, இப்போது ஏழு கிலோமீட்டர் மட்டும் சுற்றுலாவுக்காக ஓடுகிறது. அதன் நீராவி எஞ்சின்கள் சிலவற்றை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் மலையில் ஓட்டுகிறார்கள். (இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

டா லாட்டிலிருந்து நா ட்ராங்குக்கு மலை இறங்கும் பஸ், நாலு மணி நேரம் வரை. கட்டாயம் பகலில், ஜன்னலோரம். நா ட்ராங்கில்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து டியூ ட்ரி வரை பகல் ரயில். அது குயி நோனுக்கான ஸ்டேஷன், ஊர் பத்து கிலோமீட்டர் தள்ளி. பிறகு டா நாங். ஹோய் அன்னுக்கு ஸ்டேஷன் கிடையாது, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் போக வேண்டும். ஹோய் அன்னிலிருந்து ஒரு காலைப்பொழுதில் மி சன் போய் வரலாம். ஒரு காலத்தில் அந்தப் பகுதியை ஆண்ட சாம் அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல் செங்கலாக நிற்கின்றன.

டா நாங்கிலிருந்து ஹுவே வரை 103 கிலோமீட்டர். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். இந்தத் துண்டுக்கு என்ன விலை சொன்னாலும் கொடுங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றி, பாறைக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் ஊர்ந்து போகும். வடக்கே போகிறவர்களுக்குக் கடல் வலது பக்கம். மெத்தை பெர்த் எடுக்காதீர்கள், சாதாரண சீட் எடுத்து ஜன்னலைப் பிடியுங்கள். நான் அந்தப் பக்கம் கடந்து வந்த மறு வாரமே, 2024 மார்ச் கடைசியில், இந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு தனி ரயில் விட்டுவிட்டார்கள், லாங் கோ ஸ்டேஷனில் படம் எடுக்க நின்றுவேறு போகிறதாம். என் ராசி அப்படி.

பைக் ஆசை தீர வேண்டுமென்றாலும் இதே இடம்தான். 2005இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பஸ்ஸும் காரும் அதற்குள் நுழைந்துவிடுகின்றன, பைக்கை உள்ளே ஓட்ட விடுவதில்லை. அதனால் மேலே பழைய மலைச்சாலை கிட்டத்தட்ட பைக்குக்கே என்று ஆகிவிட்டது. ஓட்டுநரோடு இரண்டு வண்டி பேசிப் பின்னால் உட்காருங்கள். பைக் டாக்ஸிக்கு அந்த ஊரில் 'ஸே ஓம்' என்று பெயர். ஸே என்றால் வண்டி, ஓம் என்றால் கட்டிப்பிடிப்பது. பெயரில் இருப்பதை நான் முதல் வளைவிலேயே செய்துவிட்டேன். ரயிலில் ஒருமுறை, சாலையில் ஒருமுறை என்று அந்த மலையை இரண்டு தடவை கடந்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், நாள்தான் இருக்கிறதே.

ஹுவேயிலிருந்து ரயிலில் டொங் ஹோய், ஃபோங் ன்யா குகைகளுக்காக. அங்கிருந்து நின் பின் 400 கிலோமீட்டர் சொச்சம். இந்த ஒரு துண்டை மட்டும் இரவில் தூங்கிக்கொண்டே கடக்கலாம், நாலு பெர்த் உள்ள மெத்தைப் பெட்டியில். ஹனோய் போன பிறகு சாபா என்கிற மலையூருக்கு லாவ் காய் வரை ரயில், மேலே பஸ். வடக்கு மலையில் இருக்கும் ஹா ஜாங் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடைசியாக, ஜனவரி கடைசி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றுங்கள். அவர்களுடைய புத்தாண்டு, டெட், ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் வரும். அந்த வருடத் தேதியைப் பார்த்து, அது முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய் இறங்குங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அதை ஒரு நாடு முழுக்க விரித்துப் பாருங்கள். ரயிலிலும் இடமிருக்காது, பஸ்ஸிலும் இருக்காது, கடைகளும் மூடியிருக்கும்.

கேள்வி: நான் தனியாகப் போகும் பெண், வயது 24. பட்ஜெட் காரணமாக இரண்டு மூன்று இடத்திலாவது ஸ்லீப்பர் பஸ் எடுத்தே ஆக வேண்டும். எந்த பெர்த் நல்லது?
– வாசகி, கோவை

பதில்: கீழ் அடுக்கு, ஜன்னலோரம், முன்பக்கம். மேல் அடுக்கு ஆடும். நடு வரிசைக்கு இரண்டு பக்கமும் நடைபாதை, ஜன்னலே கிடையாது. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம் மகளே, அங்கே ஐந்து படுக்கை ஒட்டி ஒட்டி இருக்கும், பக்கத்தில் யார் வருவார் என்று தெரியாது. கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு திரை போட்ட அறைபோல இருக்கும் புது பஸ்கள் இருக்கின்றன, தனியாகப் போகிறவர்கள் அதை எடுங்கள். பெரிய பை அடியில் போகட்டும். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்பிலேயே இருக்கட்டும். நடுவில் கழிப்பறைக்கு நிறுத்தும்போது வாசலில் பொதுச் செருப்பு ஒரு கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். என்னுடையது எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காமல் கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்குங்கள், நேரம் பத்து நிமிடம்தான்.

விடியற்காலை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதை டிக்கெட் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். என் 4.20 மணிக் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பலமுறை ஓட்டியவன் நான். ஹா ஜாங் மலைச் சுற்றை நானே ஓட்டக்கூடாதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஓட்டத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே வண்டி வலது பக்கம் போகும். வளைவில் லாரி எதிரே வரும்போது உங்கள் கை 20 வருடப் பழக்கத்தில் இடது பக்கம் திருப்பும். உரிமத்தின் கதை முதல் பதிலில் இருக்கிறது. அது போதாதென்று 2020 முதல் அங்கே குடித்துவிட்டு ஓட்டுவதற்கு வரம்பே பூஜ்யம், மலையில் சோளச் சாராயம் ஊற்றிக் கொடுக்காத வீடு இல்லை.

ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஆறு ஏழு மணி நேரம். சுற்று சுமார் 350 கிலோமீட்டர், நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் முடிப்பவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பின்சீட்டுக்காரருக்கு ஒரு லாபம் உண்டு. மா பி லெங் கணவாயில் கீழே பச்சையாக ஓடும் ஆற்றை நான் முழுசாகப் பார்த்தேன். எனக்கு ஓட்டியவருக்குச் சாலைதான் தெரிந்திருக்கும். அவர் அந்த மலையிலேயே பிறந்த ஹ்மாங் இன இளைஞர், என்னை 'பா' என்று கூப்பிட்டார். பாட்டி என்று அர்த்தமாம்.

கேள்வி: ரயிலில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நம்பிப் போகாதீர்கள். தள்ளுவண்டியில் சோறு வரும், மேலே இறைச்சியும் வரும். பெட்டியின் கோடியில் வெந்நீர் எப்போதும் இருக்கிறது, அவலையோ நூடுல்ஸையோ ஊறவைத்துக்கொள்ளலாம். நான் கொண்டுபோன பருப்புப் பொடி 47 நாளும் வந்தது. ஊருக்குள் கவலையில்லை. 'சாய்' என்று பலகை போட்ட கடை எல்லா ஊரிலும் உண்டு, சைவம் என்று பொருள். பௌத்தர்கள் பலரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுவார்கள், அன்று கூட்டம் அலைமோதும். மற்றக் கடையில் காய்கறிதானே என்று நம்பிச் சாப்பிட்டால் மீன் சாறு ஒரு கரண்டி விழுந்திருக்கும்.

கேள்வி: அங்கே புல்லட் ரயில் வரப்போகிறதாமே? அதுவரை காத்திருக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: 2024 நவம்பர் 30 அன்று அவர்கள் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 1,541 கிலோமீட்டர், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம், 2035க்குள் முடிப்பதாகத் திட்டம். அப்போது எனக்கு 72 வயது. நீங்கள் வேண்டுமானால் காத்திருங்கள். நான் அதற்குள் இன்னொரு தடவை மீட்டர் கேஜில் போய்வந்துவிடுவேன், லோயர் பெர்த்தில்.